அப்பாவின் ரிப்போர்ட்டில் வைரஸும் இருக்கிறது, டிபி53 பிறழ்வும் இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

முக்கூடல் மகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. ஆலங்குளம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஐப்பசி மழை நேரத்தில் ஒருநாள் "சோறு விக்குது" என்று பாதியில் எழுந்துவிட்டார். அப்புறம் இட்லியும் இறங்கவில்லை. தை பிறக்கும்போது கஞ்சிதான். நாங்கள் கேட்டபோதெல்லாம் பசியில்லை என்று சொல்லியே சமாளித்திருக்கிறார். 71 கிலோ இருந்தவர் இப்போது 58.

என்டோஸ்கோபியில் உணவுக்குழாயில், பல்லிலிருந்து 28 சென்டிமீட்டர் தள்ளி வளர்ச்சி இருப்பதாகச் சொன்னார்கள். பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது குழாயின் உள்தோல் செல்லில் வரும் புற்றுநோய். நெஞ்சைத் தாண்டிப் பரவவில்லை. முதலில் கரண்டும் (கதிர்வீச்சு) கீமோவும், அப்புறம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இதுவரை புரிகிறது. நடுவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு தனியார் லேபில் அதே சதையைக் கொடுத்து வைரஸ் டெஸ்டும் மரபணு டெஸ்டும் எடுத்தோம். அதில் மூன்று வரி தடித்த எழுத்தில் இருக்கிறது. ஹெச்பிவி 16 (பாப்பிலோமா வைரஸில் ஒரு வகை) டிஎன்ஏ கண்டறியப்பட்டது. டிபி53 ஆர்175ஹெச், 34 சதவீதம். நாட்ச்1 பிறழ்வு, 9 சதவீதம். இன்னும் பெரிய டெஸ்ட் ஒன்று எடுத்தால்தான் முழு விவரம் தெரியும் என்று லேபிலிருந்து தினமும் போன் வருகிறது. அறுபதாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். அம்மா பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பணத்தைவிட வீடுதான் பெரிய கவலை. ஹெச்பிவி எப்படி வரும் என்று சித்தப்பா போனில் தேடிப் பார்த்துவிட்டு, அப்பாவின் காதில் விழும்படியே ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா யாரிடமும் பேசுவதில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் எவர்சில்வர் டம்ளரையும் தட்டையும் தனியாகக் கழுவி, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வைரஸ்தான் காரணமா? மரபணு மாறியிருக்கிறது என்றால் எனக்கும் தம்பிக்கும் வருமா?

---

பாளை சிஸ்டர்

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த டம்ளரை எடுத்து எல்லா டம்ளரோடும் வை. புற்றுநோய் எச்சிலால் ஒட்டாது. ஹெச்பிவியும் டம்ளரிலும் தட்டிலும் பரவுகிற சங்கதி இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த நோயாளிகளைக் குளிப்பாட்டி, வாய் துடைத்து, சோறு ஊட்டி வருகிறேன். அம்மாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு.

சித்தப்பாவுக்கும் ஒன்று சொல். ஹெச்பிவி தாம்பத்தியத்தில் தொற்றுவதுதான், ஆனால் உலகத்தில் குடும்பம் நடத்துகிற பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒருதடவையாவது வந்து போகிற வைரஸ். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். யாரிடமிருந்து, எந்த வருஷம் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதை வைத்து 61 வயது மனுஷனின் நடத்தையைப் பேசுவது பாவம். அப்பா பேசாமல் இருப்பது நோயால் இல்லை தம்பி.

---

கண்ணாடிச்சில்லு

நான் பத்தாலஜிஸ்ட். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இந்தச் சதைகளைப் பார்ப்பதுதான் என் தினசரி வேலை. உங்கள் ரிப்போர்ட்டை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். அந்த மூன்று வரிகளுக்கு என்ன பொருள் என்று மட்டும் சொல்கிறேன்.

டிபி53 என்பது பி53 என்ற புரதத்தைச் செய்யும் மரபணு. டிஎன்ஏ அடிபட்டால் செல்லை நிறுத்தி வைப்பதும், சரிசெய்ய முடியாவிட்டால் அதைச் சாகச் செய்வதும் அந்தப் புரதத்தின் வேலை. 393 அமினோ அமிலம் கோத்த சங்கிலி அது. ஆர்175ஹெச் என்றால் 175ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு மணி மாறியதில் புரதத்தின் வடிவமே குலைந்து வேலை நின்றுவிடும். பல புற்றுநோய்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற மாற்றம் இது.

34 சதவீதம் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நோய் 34 சதவீதம் பரவிவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சதைத்துண்டில் படித்த டிபி53 பிரதிகளில் 100க்கு 34 மாறியிருந்தன, அவ்வளவுதான். துண்டில் நல்ல செல்லும் கலந்திருக்கும்.

இப்போது வைரஸ். ஹெச்பிவி 16 கருப்பைவாயில் புற்றுநோயை உண்டாக்கும். அதை நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் இ6 என்ற புரதம் பி53ஐப் பிடித்து அழிக்கிறது. இ7 என்ற இன்னொன்று ஆர்பி என்ற காவலைச் செயலிழக்க வைக்கிறது. பி53 புரதத்தை வைரஸே அழித்துவிடுவதால், கருப்பைவாய்ப் புற்றுநோயில் டிபி53 மரபணு பெரும்பாலும் பிறழாமல் முழுசாகவே இருக்கும்.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் டிபி53 மரபணுவே உடைந்திருக்கிறது. மடைப்பலகையை ஒருவன் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றால், தண்ணீர் ஓடுவதற்கு இன்னொருவன் வந்து பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. ஹெச்பிவி உண்டாக்கும் தொண்டைப் புற்றுநோயிலும் இதே கணக்குதான், வைரஸ் இருக்கும் கட்டியில் டிபி53 பிறழ்வு அரிது. உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால், அந்த வைரஸ் அங்கே சும்மா கிடந்தது என்று நினைக்கத்தான் அதிக இடமிருக்கிறது.

வைரஸ் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் மிக நுட்பமானது. ஒருசில பிரதி இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். வாயிலிருந்தோ தொண்டையிலிருந்தோ குழாயோடு இறங்கி வந்த துணுக்கும், லேப் மேஜையில் ஒட்டியிருந்ததும்கூடப் பாசிட்டிவ் ஆகலாம். வைரஸ் அந்தச் செல்லுக்குள் வேலை பார்த்ததா என்று அறிய இ6, இ7 ஆர்என்ஏ உருவாகிறதா என்று தேட வேண்டும். அதை அந்த லேப் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

---

கொக்கிரகுளம் சார்

வணக்கம். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். டாக்டர் சொன்னதை மறுக்க வரவில்லை, ஆனால் வைரஸை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். பின்லாந்தின் காரி சிர்யானென் 1982லேயே உணவுக்குழாய்ச் சதையில் இந்த வைரஸின் சாயல் தெரிகிறது என்று எழுதினார். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியான் என்ற ஊர், இந்த நோய் உலகத்திலேயே மிக அதிகம் உள்ள இடங்களில் ஒன்று. அங்கிருந்தும், ஈரானிலிருந்தும், தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் கட்டிக்குள் ஹெச்பிவி கண்டதாக எத்தனையோ கட்டுரைகள். அத்தனை பேரின் மேஜையிலுமா துணுக்கு ஒட்டியிருந்தது? நம்மிடம் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், நாளை தடுப்பூசியால் தடுக்க முடிகிற ஒன்றைத் தவற விட்டவர்கள் ஆவோமே.

---

கண்ணாடிச்சில்லு

சார், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். ஒரே நோயில், ஒரே நாட்டில், ஒரு லேப் பாதிக் கட்டிகளில் வைரஸ் இருக்கிறது என்கிறது, அடுத்த லேப் கிட்டத்தட்ட ஒன்றிலும் இல்லை என்கிறது. கருப்பைவாயில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. எந்த ஊரில் எடுத்தாலும் ஏறக்குறைய எல்லாக் கட்டியிலும் வைரஸ் இருக்கும். அளவுகோல் மாற மாற விடையும் மாறினால், சந்தேகம் அளவுகோல் மேல்தானே வர வேண்டும்?

2017இல் கேன்சர் ஜீனோம் அட்லஸ் குழு 164 உணவுக்குழாய்க் கட்டிகளை டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாம் சேர்த்துப் பிரித்துப் படித்தது. அதில் 90 ஸ்குவாமஸ் வகை. ஹெச்பிவிதான் காரணம் என்று சொல்லும்படியான தடயம் கிடைக்கவில்லை. டிபி53 பிறழ்வு அந்த ஸ்குவாமஸ் கட்டிகளில் 10க்கு 9இல் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஹெச்பிவி 16 புற்றுநோய் உண்டாக்கும் என்று நிறுவப்பட்ட உறுப்புகளைப் பட்டியல் இட்டிருக்கிறது. கருப்பைவாய், குதம், ஆண்குறி, வாய், உள்நாக்குப் பகுதி எல்லாம் அதில் உண்டு. உணவுக்குழாய் இல்லை.

எங்கோ சில கட்டியில் வைரஸுக்குப் பங்கு இருக்கவே இருக்காது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு நோயாளிக்கு இதை வைத்து மருந்தை மாற்றலாமா என்று கேட்டால், முடியாது என்பதுதான் என் பதில். டான்சில் பக்கத்துப் புற்றுநோயில், வைரஸுக்கு அடையாளமாகப் பார்க்கிற பி16 என்ற புரதம் பாசிட்டிவ் என்றால் நோய் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் என்று அர்த்தம், ஸ்டேஜ் கணக்கே மாறும். அதை உணவுக்குழாய்க்கு அப்படியே கொண்டுவர முடியாது, இங்கே பி16க்கும் வைரஸுக்கும் ஒத்துப்போவதில்லை.

---

கொக்கிரகுளம் சார்

ஒத்துக்கொள்கிறேன் டாக்டர். டிபி53 உடைந்திருப்பதையும் வைரஸையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் புதிது. வகுப்பில் தனித்தனியாகத்தான் நடத்தியிருக்கிறேன்.

---

முக்கூடல் மகன்

அண்ணாச்சி, மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன். அம்மாவிடம் சிஸ்டர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் தம்பிக்கும் வருமா என்று கேட்டிருந்தேன். தம்பிக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருக்கிறது. பெண் வீட்டில் "மரபணுக் கோளாறு" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

---

கண்ணாடிச்சில்லு

மரபணு மாற்றம் என்றதும் பரம்பரை என்று நினைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் இருக்கும் மாற்றம் வேறு. ஒரு செல்லில், நடுவில், அடிபட்டு வந்த மாற்றம் வேறு. அப்பாவின் குழாயில் ஒரு இடத்தில் வந்தது அவர் விந்தணுவில் ஏறி உங்களுக்கு வராது. டிபி53 பிறவியிலேயே பழுதாக இருக்கும் குடும்பங்கள் உண்டு, ஆனால் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே மார்பு, எலும்பு, மூளை என்று ஒருவருக்கொருவர் மாறி மாறி வரும். உங்கள் குடும்பத்தில் அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் பார்க்கச் சொல்வார்.

உணவுக்குழாய்க்கென்றே பரம்பரையாக வருவது மிக அரிதான ஒன்று. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து மஞ்சள் பாரித்துக் காய்ப்புக் காய்த்தது போல இருக்கும். டைலோசிஸ் என்பார்கள். ஆர்எச்பிடிஎஃப்2 என்ற மரபணுவில் வருகிற பிறழ்வு. அப்பாவின் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நாட்ச்1 என்ற இன்னொரு மரபணுவின் வரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2018இல் பிரிட்டனில் 20 முதல் 75 வயது வரையிலான 9 பேரின் நோயில்லாத உணவுக்குழாயைத் துளித்துளியாக வெட்டிப் படித்தார்கள். புற்றுநோயே இல்லாத அந்தச் சதை முழுக்கப் பிறழ்வு. நடுவயது தாண்டியவர்களுக்கு நாட்ச்1 பிறழ்வு 30 முதல் 80 சதவீதச் செல்களில் இருந்தது. கட்டியில் இருப்பதைவிட நல்ல சதையில் அதிகம். டிபி53 பிறழ்வுகூட நல்ல சதையில் கொஞ்சம் இருந்தது. அதைப் படித்த நாளில் நான் ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. "பிறழ்வு இருக்கிறது, ஆகவே நோய்" என்று எத்தனை வருஷம் எழுதியிருக்கிறோம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு காரணத்தால்தான், எச்சிலிலோ ரத்தத்திலோ ஒரு மரபணுவைத் தேடி முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று விளம்பரம் செய்தால் நான் உடனே நம்புவதில்லை.

உங்களுக்கும் தம்பிக்கும் அப்பாவிடமிருந்து வரக்கூடியது பழக்கம்தான். வெற்றிலை போடுகிற வீடா?

---

முக்கூடல் மகன்

போடுகிற வீடுதான் அண்ணாச்சி. ஆத்தூர் வெற்றிலை தவிர வேறு தொட மாட்டார். மண்டியில் காலை நாலு மணிக்கே தொடங்கிவிடுவார். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பை நகத்தால் தடவுவார். போயிலையை மட்டும் கடைசியில், கன்னத்துக்குள் ஒதுக்குவார். சின்ன வயதில் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பீடியும் உண்டு. தம்பி பீடி இல்லை, பாக்குப் பொட்டலம் போடுகிறான்.

---

அம்பை கரைவாசல்

வெற்றிலை நல்லது, போயிலைதான் கெட்டது என்று நம் ஊரில் சொல்வார்கள். டாக்டர் சொன்ன அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே பாக்கை மட்டும் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. போயிலை இல்லாத தாம்பூலமும் உணவுக்குழாயைத் தாக்கும் என்று பின்னால் சேர்த்தார்கள். தம்பியின் கையிலிருந்து அந்தப் பொட்டலத்தைப் பிடுங்குங்கள். அறுபதாயிரம் டெஸ்டைவிட அது முக்கியம். இன்னொன்று, 65 டிகிரிக்கு மேல் சூடான பானமும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உண்டு, 2016இல் சேர்த்தது. மண்டியில் கிளாஸைத் துண்டால் பிடித்துக் குடிக்கிற டீ எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

---

கடையம் தங்கச்சி

அண்ணே, எங்க அம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மரபணு ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று ஆறு வாரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நாங்களாகவே. அந்த ஆறு வாரத்தில் அம்மா ஒன்பது கிலோ இறங்கிவிட்டார்கள். ரிப்போர்ட் வந்தது, டிபி53 என்று இருந்தது, டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பு சொன்ன அதே சிகிச்சைதான். ஆனால் உடம்பு தாங்கவில்லை, கீமோவைப் பாதியில் நிறுத்தினார்கள்.

மூக்கு வழியாக டியூப் போடச் சொன்னபோது அம்மா மாட்டேன் என்றார்கள், நாங்களும் வற்புறுத்தவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. 58 கிலோவிலேயே பிடித்து நிறுத்துங்கள் அண்ணே. கேழ்வரகுக் கூழை வடிகட்டி, முட்டை அடித்து ஊற்றி, கருப்பட்டி போட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை அரை டம்ளர் கொடுங்கள்.

---

பாளை சிஸ்டர்

தங்கச்சி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. டியூப் என்றால் கடைசிக் கட்டம் என்று நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். சிகிச்சையைத் தாங்குவதற்காகப் போடுவது அது, முடிந்ததும் எடுத்துவிடலாம். வாரம் ஒருநாள் ஒரே தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.

---

முக்கூடல் மகன்

திங்கள்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். எந்த டெஸ்டைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கண்ணாடிச்சில்லு

ஒரு அடையாளக்குறி உபயோகமா இல்லையா என்று பார்க்க நான் ஒரே கேள்விதான் கேட்பேன். பாசிட்டிவ் வந்தால் ஒன்று, நெகட்டிவ் வந்தால் வேறொன்று என்று சிகிச்சை மாறுமா? டிபி53 இந்த நோயில் 10க்கு 9 பேருக்கு இருப்பதால் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அந்தப் பிறழ்வைக் குறிவைத்து இந்த நோய்க்கென்று வழக்கத்தில் கொடுக்கிற மருந்தும் இல்லை. வைரஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

கேட்க வேண்டியது பிடி-எல்1, கட்டியில் பார்க்கிற ஒரு புரதம். ஏற்கெனவே எடுத்த பயாப்சிக் கட்டையிலேயே சாயம் போட்டுப் பார்த்துவிடலாம், மறுபடி குழாய் விட வேண்டாம். சிபிஎஸ் என்று ஒரு எண் வரும். நோய் பரவியவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுக்கலாமா என்று பார்க்கும்போது அந்த எண் உதவும். 749 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், சிபிஎஸ் 10 அல்லது அதற்கு மேலுள்ள ஸ்குவாமஸ் நோயாளிகளுக்குத்தான் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு நோய் பரவவில்லை என்பதால் அது இன்றே தேவைப்படாமலும் போகலாம். டாக்டரிடம் விட்டுவிடுங்கள். ஹெர்2 டெஸ்ட் முக்கியமாக, சுரப்பிச் செல்லில் வரும் அடினோகார்சினோமா வகைக்கு, அப்பாவுக்கு வேண்டாம். டிஎன்ஏ பிழையைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்எம்ஆர் சாயம் ஒன்று உண்டு, ஸ்குவாமஸ் வகையில் அபூர்வமாகத்தான் குறை தெரியும். செலவு குறைவு, கேட்டால் தப்பில்லை.

ஒரு விஷயம், நம்பிக்கைக்காக. 2012இல் வெளியான, நெதர்லாந்தில் 366 பேருக்கு நடந்த ஆய்வில், ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன் 23 தடவை கரண்டும், வாரம் ஒரு கீமோவும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த ஸ்குவாமஸ் நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த குழாயில் கட்டியே மிச்சமில்லை. உங்கள் டாக்டர் சொன்னதும் அதே வழிதான். அறுபதாயிரத்தை அப்பாவின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் வையுங்கள்.

---

ஆழ்வை அக்கா

நடுவில் ஒரு கேள்வி. என் மகளுக்கு வயது 12. ஹெச்பிவி ஊசி போடலாம் என்று இருந்தேன். இதைப் படித்தபின் வேண்டாமோ என்று ஆகிவிட்டது.

---

கண்ணாடிச்சில்லு

அக்கா, கட்டாயம் போடுங்கள்! கருப்பைவாய்ப் புற்றுநோயில் வைரஸின் பங்கில் துளி சந்தேகம் கிடையாது. நான் இங்கே சொன்னதெல்லாம் உணவுக்குழாயைப் பற்றி மட்டும். 9 முதல் 14 வயதுதான் ஊசிக்குச் சரியான வயது.

---

முக்கூடல் மகன் (ஐந்து வாரம் கழித்து)

எழுதத் தாமதமாகிவிட்டது. திங்கள்கிழமை பார்த்த டாக்டர் அந்தப் பெரிய டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிடி-எல்1 மட்டும் எடுத்தோம், சிபிஎஸ் 15. இப்போதைக்கு வைத்திருங்கள் என்றார். அன்று அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு வைரஸைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் எழுந்துபோய் அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, "அய்யா, இது வெத்தலையும் பீடியும் செஞ்ச வேலை, வேற எதுவும் யோசிக்காதீங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அப்பா, சேரன்மாதேவி தாண்டியதும், மண்டியில் வாழைத்தார் விலை என்ன என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு.

கரண்டு 23இல் 19 முடிந்தது. மூக்கு டியூப் போட்டோம். எடை 57.4, பிடித்து நிற்கிறது. டம்ளர் அடுக்களைக்கு வந்துவிட்டது. யார் எடுத்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சிஸ்டர், ஒரு சந்தேகம். டியூப் வழியாகக் கூழ் விடும்போது அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்?

---

பாளை சிஸ்டர்

மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டு தம்பி. சிரிஞ்சில் மோர் பதத்துக்குத் தானாக இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளாதே. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விடு. விடும்போது அப்பாவை நிமிர்ந்து உட்கார வை, முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க விடாதே. மாத்திரையை நன்றாகப் பொடி செய்து தனியாகக் கரைத்து விடு, கூழில் கலக்காதே. எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று வார்டில் ஒருதடவை கேட்டுக்கொள்.